மருந்து அடித்தவரோடு பாண்டிச்சேரிக்கு

நாங்கள் காரைக்கால் பக்கம். எங்களுக்குத் தலைநகரம் பாண்டிச்சேரி. ஆனால் அங்கே போக வேண்டுமானால் நடுவில் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். நம் வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போவதற்குப் பக்கத்து வீட்டு வாசல் வழியாகச் சுற்றிப் போகிற மாதிரி. ரேஷன் கார்டில் பாண்டிச்சேரி என்று போட்டிருந்தும், ஐம்பது வயதை நெருங்கும்வரை நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை. போன மாசி மாதம் பார்த்தேன். ஆம்புலன்சின் பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

அன்று திங்கட்கிழமை. காலையில் என் வீட்டுக்காரர் உளுந்துக்கு மருந்து அடிக்கப் போயிருந்தார். கார்த்திகை மழையில் எங்கள் சம்பாப் பயிர் முழுக்க மூழ்கி அழுகிவிட்டது. அதிகாரிகள் வந்து வரப்பில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நிவாரணம் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மழை நின்றது, பனி வந்தது, பனியும் போயிற்று. நிவாரணம் வரவில்லை. சும்மா கிடக்க வேண்டாமே என்று தண்ணீர் வடிந்த வயலில் உளுந்து தெளித்தோம். அதிலும் வெள்ளை ஈ விழுந்து இலை மஞ்சளாக ஆரம்பித்தது. அதற்குத்தான் மருந்து.

வயலிலிருந்து வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். குளித்தவர் மாதிரி வேர்வை. தாகம் என்றார். நீராகாரம் கொடுத்தேன். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே வந்தது. வாயில் எச்சில் ஒழுகிற்று, கண் சொருகிற்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா தங்கமானவர். ஊசி போட்டார், மூச்சுக்குக் குழாய் வைத்தார். பிறகு, “இதுக்கு மேல இங்க வசதி இல்லம்மா, பாண்டிக்குக் கொண்டு போயிடுங்க” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் எத்தனை பேரிடம் இதையே சொல்ல வேண்டியிருக்கிறதோ.

வழியில் ஒரு ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சைரனை அலறவிட்டு என்ன செய்ய, ரயில் ஒதுங்குமா. வெள்ளரிப் பிஞ்சு விற்கிற பெண் ஒருத்தி வழக்கம்போல ஒவ்வொரு வண்டியாகத் தட்டிக்கொண்டு வந்தவள், எங்கள் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள். கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முன்பின் தெரியாதவள். திருநள்ளாற்று ஈசனையே நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, அவன்தான் அவள் உருவத்தில் வந்து எட்டிப் பார்த்தானோ என்றிருந்தது. கேட் திறக்கிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியபோது சாயங்கால வெயில். அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். மாஹிக்காரர், தமிழை மலையாளம் போல இழுத்துப் பேசுவார். மாஹியும் எங்களைப் போலவே இந்த அரசாங்கத்தைச் சேர்ந்த ஊர்தான், ஆனால் கேரளாவுக்குள் எங்கோ இருக்கிறது. அவர் கேட்டதும் நான் சொன்னதும் எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

“என்ன ஆச்சு அம்மா?”

“மருந்து அடிச்சாருங்க.”

“எப்ப அடிச்சு?”

“காலையிலதாங்க. வெறும் வயித்துல. சாப்ட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன், கேக்கல.”

“எதில கலக்கி அடிச்சு?”

“தண்ணியிலதாங்க.”

“கூட ஆரும் இருந்தோ?”

“இல்லீங்க, தனியாதான். நானும் வரேன்னு சொன்னேன். வேணாம்னுட்டாரு.”

“எவ்வளவு அடிச்சு?”

“ரெண்டு டேங்காவது இருக்குங்க.”

“டேங்கா?” என்றார். நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் இவ்வளவு பெரிசு என்று காட்டினேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு, புருஷனை இப்படிப் பார்த்த அதிர்ச்சியில் என்னவோ உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். நான் சரியாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அந்தப் பெஞ்சில்தான் அஞ்சலை பழக்கமானாள். பாகூர்க்காரி, விவசாயக் குடும்பம், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்திருப்பாள். மருமகன் உள்ளே இருந்தான். அந்த வராந்தாவில் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த வாட்ச்மேன் சிடுசிடுப்பான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என் புடவையில் வாந்தி பட்டிருந்ததைப் பார்த்து, தன் பையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து மடியில் போட்டாள்.

“கட்டிக்க. உன்ன இங்க யாரு பொண்ணு பாக்கவா வராங்க” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளே நீட்டு ரொட்டி வாங்கி வந்து ஒடித்துக் கொடுத்தாள். எங்கள் ஊரில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்தான் ரொட்டி வாங்குவோம். இந்த ஊரில் நல்ல உடம்புக்காரர்களே அதைத்தான் சாப்பிடுகிறார்கள். கொத்தனார் வேலைக்குப் போகிற ஒருவர் அதை உடைத்து மீன் குழம்பில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் டீயில் நனைத்துச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கிற்று. ருசி தெரியவில்லை.

அப்போது போலீஸ்காரர் வந்தார். எங்கள் ஊரிலும் இதே சிவப்புத் தொப்பிதான், ஆனால் திருவிழாக் கூட்டத்தில் தூரமாகப் பார்த்ததோடு சரி. இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நல்ல மனிதர். லாஸ்பேட்டையில் வீடு, அப்பா மில்லில் வேலை பார்த்தவர் என்று அவரே சொன்னார். என்னைப் பயமுறுத்தக்கூடாது என்றுதானோ என்னவோ, பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“ஏம்மா குடிச்சாரு?”

“தாகமா இருக்குன்னாருங்க.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “யாரு குடுத்தது?”

“நாந்தாங்க. ஒரு சொம்பு.”

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நிதானமா சொல்லு. நீ இன்னா குடுத்த?”

“நீராகாரங்க. உப்புப் போட்டு.”

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏட்டய்யா, அது பழையசோத்துத் தண்ணிய சொல்லுது. நீ அதுக்குள்ள வெலங்கு எடுக்கற மாரி பாக்கற.”

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, இவர்கள் எல்லோரும் என் வீட்டுக்காரர் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று. “குடிக்கலீங்க, அடிச்சாருங்க. உளுந்துக்கு அடிச்சாருங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “நீ சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒண்ணு. இந்த வராந்தாவுல வந்து ஒக்கார்றவங்க எல்லாருமே மொதல்ல அடிச்சாருன்னுதான் சொல்றாங்க. குடிச்சாருன்னு யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல. டாக்டரு குடிச்சதுன்னு எழுதியிருக்காரு. உன் வீட்டுக்காரரு கண்ணு முழிக்கட்டும், அவரு வாயாலயே சொல்லட்டும். நான் மறுபடி வரேன்.”

அவர் போன பிறகு நான் அஞ்சலையைப் பார்த்தேன். எனக்காக அவரிடம் பேசினவள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாங்களும் அதான் சொன்னோம்” என்றாள். “தெளிக்கறப்ப மயங்கிட்டாருன்னு. எங்க ஊட்ல கெணறு வத்திப்போச்சி, கரும்பு காஞ்சிபோச்சி. என் மருமவன் ரெண்டு நாளு பேசல. மூணாம் நாளு நல்லா சிரிச்சிப் பேசனான், புள்ளைக்கு மிட்டாய் வாங்கியாந்தான். அன்னிக்கித்தான்.” பிறகு என்னைக் கேட்டாள்: “உன் ஊட்டுக்காரு மொதல் நாளு எப்பிடி இருந்தாரு?”

எனக்குள் எண்ணிப் பார்த்தேன். முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவர் முடிவெட்டிக்கொண்டு வந்தார். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக் காலேஜ் கதையெல்லாம் கேட்டார். மழைக்குப் பிறகு அவ்வளவு பேசியதே இல்லை. நான் சந்தோஷப்பட்டு அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அதற்கப்புறம் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உள்ளே விடுகிற நேரத்தில் போய்ப் பார்ப்பேன். வாயில் குழாய், கையில் ஊசி, மெஷின் மூச்சு விடும். எனக்கு அந்த முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: அடிச்சீங்களா, குடிச்சீங்களா. பிழைப்பாரா என்கிற கவலைகூட அதற்கு அடுத்ததாகத்தான் நின்றது. குடித்திருந்தால், நாளைக்குப் பிழைத்து வீட்டுக்கு வந்தாலும் நான் எப்படித் தூங்குவேன். அவர் கொல்லைப்பக்கம் போனால் பின்னாலேயே போக வேண்டும். எத்தனை வருஷம் அப்படிப் போவேன்.

புதன்கிழமை அஞ்சலை என்னை மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போய்விட்டு வரச் சொன்னாள். “இங்க நீ நடக்கற நடையில தரை தேஞ்சிடும்” என்றாள். நடந்தேதான் போனேன். இந்த ஊரில் தெருவெல்லாம் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கிறது. எங்கள் ஊரில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும், ஆனால் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். இங்கே நேர் தெருவில் நான் மூன்று தடவை வழி தவறினேன். ஒவ்வொரு மூலையும் ஒரே மாதிரி. மஞ்சள் பெயின்ட் அடித்த வீட்டு வாசலில் கல்யாணப் பெண் ஒருத்தியை நிற்கவைத்து, சிரி சிரி என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போய்விட்டேன். “ஆன்ட்டி, கொஞ்சம் ஒதுங்குங்க” என்றான் போட்டோக்காரன். ஒதுங்கினேன்.

சன்னதியில் கூட்டம் இல்லை. கை கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பிழைக்க வை அப்பா என்று கேட்டேன். அது சரி. அடுத்ததாக, அவர் குடிக்காமல் இருந்திருக்க வேண்டும் அப்பா என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன், நடந்து முடிந்ததைப் போய் மாற்றச் சொல்கிறேனே, இது என்ன வேண்டுதல் என்று. ஆனாலும் மாற்றிக்கொள்ளவில்லை. அவனால் முடியாதது உண்டா. குருக்கள் கொடுத்த விபூதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஐந்து நிமிஷம்கூட உட்காராமல் திரும்பிவிட்டேன். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கடல். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் என் கொழுந்தன் செல்வராசு போன் செய்தான். அண்ணனைப் பற்றி விசாரித்தான், அழுதான். கடைசியில் தயங்கித் தயங்கி, “அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. தலைநகரத்துலதானே இருக்கீங்க. நம்ம நிவாரணம் என்னாச்சுன்னு அந்த ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன். இங்க கேட்டா பாண்டியில இருக்குங்கறாங்க. ஊரே கேக்குது” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஊர் முழுவதும் ஒரே தண்ணீரில்தானே மூழ்கியது.

வியாழக்கிழமை போனேன். கருவடிக்குப்பம் போகிற வழியில் இறங்கிக் கேட்கச் சொன்னார்கள். பஸ்சில் ஏறும்போதே கண்டக்டர், “ஏறு ஆயா, ஏறு” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் ஏறியதால் என்னை ஆயா வேலை பார்க்கிறவள் என்று நினைத்துவிட்டார் போல என்று, “நான் ஆயா இல்லப்பா, பேஷன்ட் கூட வந்தவ” என்றேன். பஸ்சே சிரித்தது. இந்தப் பக்கத்தில் பாட்டியைத்தான் ஆயா என்பார்களாம். நாலே நாளில் எனக்கு அவ்வளவு வயது ஏறிவிட்டது.

உட்கார இடம் கிடைத்ததுதான் தப்பு. அப்படியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது. மீன் நாற்றம். கூடைக்காரிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கனகசெட்டிக்குளம் என்றார்கள்.

“எங்க போவணும் நீ?” என்று ஒருத்தி கேட்டாள். கருவடிக்குப்பம் வழியில் இருக்கிற ஆபீஸ் என்றேன். “அதத் தாண்டி எம்மாந் தூரம் வந்துட்ட. இதோ இதுக்கு மேல போனா தமிழ்நாடு. இன்னும் ஒரு தூக்கம் போட்டிருந்தன்னா மெட்ராசுக்கே போயிருப்ப.”

“எங்க ஊர்லயும் அப்படித்தாங்க, கொஞ்சம் நடந்தா வேற மாநிலம்” என்றேன். எந்த ஊர் என்று விசாரித்து, எதற்கு வந்தேன் என்று விசாரித்து, இடம் விட்டு உட்காரவைத்தாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். “மீன் புடிக்கத் தடை போட்ட மாசத்துல எங்களுக்கும் நிவாரணம்னு ஒண்ணு தராங்க. வரும் வரும்னுவாங்க. எங்க ஊட்டு ஆம்பளையாவது கரைக்கி வந்துடுது” என்று சிரித்தாள். திரும்பும் வழியெல்லாம் அவள் கூடை என் காலில் நசநசத்துக்கொண்டே வந்தது. இறங்கவேண்டிய இடத்தில் அவளே கண்டக்டரை அதட்டி நிறுத்தி என்னை இறக்கிவிட்டாள்.

ஆபீசில் ஒரு அம்மா முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கிக்கொண்டேன், மரியாதைக்கு.

“காரைக்கால் ஃபைலா? அங்கேருந்து இன்னும் வர்லியேம்மா” என்றார்.

“பாண்டிக்கு அனுப்பியாச்சுன்னு சொல்றாங்களேம்மா.”

“அப்பன்னா வழியில இருக்கும்.”

“நானும் அதே வழியிலதாம்மா வந்தேன். எங்கயும் பாக்கலியே” என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா முறுக்கைக் கீழே வைத்துவிட்டார். “நீ சொல்றது நாயந்தான். நான் மேல கேட்டு வைக்கறேன்” என்றார். செல்வராசுக்குச் சொல்ல அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்தது.

வெளியே வந்தால் போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். “எங்கம்மா போயிட்டீங்க? குழாய எடுக்கறோம், சீக்கிரம் வாங்க” என்றாள். எனக்கு அந்த ஊர் அப்படியே சுற்றியது. மெஷினை நிறுத்துகிறார்கள் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம். எந்த டெம்போவில் ஏறினேன், யார் கையைப் பிடித்து ஏற்றினார்கள், ஒன்றும் நினைவில்லை. பாதி வழியில் அந்த டெம்போ ஆள் சேரட்டும் என்று நின்றுவிட்டது. நான் இறங்கி ஓடினேன். ஐம்பது வயதுக்காரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் ஓடினால் இந்த ஊரிலும் நின்று பார்க்கத்தான் செய்கிறார்கள்.

வாசலிலேயே அந்த மாஹி டாக்டர் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் பதறிவிட்டார். “அம்மா, நல்ல காரியம்தான். மூச்சு தன்னாலே விடுது, அதான் குழாய் எடுத்தோம். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம்” என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் என் பக்கத்தில் குந்தினார். எந்த ஊர் என்று அன்றைக்குத்தான் கேட்டார். சொன்னேன். எவ்வளவு நேரம் வண்டியில் வந்தீர்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

“எங்க ஊரிலும் இதே கதைதான்” என்றார். “கொஞ்சம் பெரிய கேஸ் என்றால் வண்டியில ஏத்தி வெளியே விடும். நான் டாக்டருக்குப் படிக்க வந்ததே அதனாலேதான். படிச்சு முடிச்சு அங்கே போனால் இந்த மெஷின் அங்கே இருக்குமோ, அறியில்லா.”

நான் எட்டாவதோடு நின்றவள். மனு எழுதத் தெரியாது. ஆனால் அன்றைக்கு அந்தத் தரையில் உட்கார்ந்து நினைத்ததை இங்கே எழுதுகிறேன். வோட்டுப் போடும்போது எங்கள் விரலுக்கும் இதே மைதான். வரி வாங்கும்போது எங்கள் ஊர்க் கடையிலும் இதே வரிதான். மெஷின் மட்டும் ஏன் ஒரே ஊரில் இருக்க வேண்டும். எங்கள் டாக்டரம்மாவுக்குக் கை இல்லையா, அறிவு இல்லையா. அந்த ரயில்வே கேட் இன்னும் கொஞ்ச நேரம் மூடிக் கிடந்திருந்தால் இந்தக் கட்டுரை ஏது. நிவாரணமும் அப்படித்தான். பயிர் செத்த பிறகு வருவதை ஆள் சாவதற்கு முன்னாலாவது கொடுத்துவிட வேண்டும். அஞ்சலையிடம் இதைச் சொன்னபோது, பாகூர் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்கு எல்லாம் முதலில் வந்துவிடும் என்று நாங்கள் பேசிக்கொள்வோம் என்றும் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“பாகூர்க்காரனுக்கு வந்துடுச்சின்னு நீங்க பேசறீங்க, காரைக்கால்காரனுக்கு வந்துடுச்சின்னு நாங்க திட்டிக்கினு இருக்கோம். நல்ல கூத்து.”

அன்று என் வீட்டுக்காரர் மயக்கத்திலேயே இருந்தார். ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். விபூதி பூசிவிட்டேன். கேட்க வாய் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமலே இருந்துவிடலாமோ என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை போலீஸ்காரர் வந்தார். டாக்டரும் உள்ளே வந்தார். நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன்.

“ஐயா, கேக்குதா? அன்னைக்கு மருந்து குடிச்சீங்களா?” என்றார் டாக்டர்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பேச முயன்றார். குழாய் இருந்த தொண்டையில் சத்தம் வரவில்லை. வலது கையில் ஊசி. இடது கையை மெள்ளத் தூக்கினார். இடுப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு தடியைப் பிடித்த மாதிரி விரல்களை மடக்கி, மேலே கீழே, மேலே கீழே என்று ஆட்டினார்.

“இது என்ன காட்டுது?” என்றார் டாக்டர்.

“டேங்குக்குக் காத்து அடிக்கிறாருங்க” என்றேன். “டேங்க முதுகுல மாட்டிக்கிட்டு இடது கையால இப்படி அடிக்கணும். வலது கையால பயிர் மேல தெளிக்கணும்.”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்த அடியோ? அம்மா, எங்க பாஷையில அடிச்சுன்னா…” என்று கட்டைவிரலை வாய்க்கு நேராகச் சாய்த்துக் காட்டினார்.

“எங்க ஊர்லயும் அதாங்க அர்த்தம். பாண்டியாச்சே” என்றார் போலீஸ்காரர். ஆனால் பேனாவை எடுக்கவில்லை. கை காட்டியது அவருக்குப் போதவில்லை என்று தெரிந்தது. எனக்கும் போதவில்லை, அதையும் சொல்ல வேண்டும். போலீசைப் பார்த்து யாரும் அப்படிக் காட்டலாம்.

அப்போது என் வீட்டுக்காரரின் உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொண்டுபோனேன். காற்றாகத்தான் வந்தது. ஒரு தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது.

“என்னவாம்?” என்றார் போலீஸ்காரர்.

“மிச்சப் பாதிய யாரு அடிச்சதுன்னு கேக்குறாருங்க.”

“எதுல மிச்சம்?”

“உளுந்துல. பாதி வயலுதான் அடிச்சாராம். மிச்சத்த யாரு அடிச்சான்னு கேக்குறாரு.” எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “என்னக் கேக்கல. பெத்த பொண்ணக் கேக்கல. உளுந்தக் கேக்குறாரு.”

போலீஸ்காரர் பேனாவை எடுத்தார். “தெளிக்கறப்ப ஒடம்புல பட்டுச்சின்னு எழுதிக்கறேன்மா” என்று மட்டும் சொன்னார். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்ததையும், பாதியில் விட மனசில்லாமல் ஈரச் சட்டையோடு அடித்ததையும் என் வீட்டுக்காரர் அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முடிவெட்டிக்கொண்டது ஏன் என்றும் கேட்டுவிட்டேன். முடி வளர்ந்திருந்ததாம்.

செல்வராசுக்குப் போன் செய்தேன். மிச்ச வயலை யாரும் தொடக்கூடாது, வெள்ளை ஈக்கு விட்டுவிடு என்றேன். “அண்ணி, பாதி உளுந்து போயிடுமே” என்றான். போகட்டும் என்றேன். அதைச் சொல்லும்போது வலிக்கத்தான் செய்தது. அந்த வலியை அவருக்குச் சொல்லவில்லை.

வெளியே அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அவள் மருமகன் அன்று காலைதான் வாயைத் திறந்து ஏன் காப்பாற்றினீர்கள் என்று கேட்டானாம். என் சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளே எழுந்தாள்.

“வா, சோறு துன்னலாம். நீ ஒழுங்கா துன்னு நான் பாக்கவே இல்ல. எனக்கும் இன்னும் கொஞ்ச நாளு இங்க ஓடணும்” என்றாள்.

எதிர்ச் சந்தில் ஒரு மெஸ். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். பக்கத்து இலைகளில் எல்லாம் மீன் குழம்பு மணந்தது. அந்தக் கடைக்கார அம்மா வாளியோடு வந்து என் இலைக்கு மேலே கரண்டியைத் தூக்கினார்.

“மீன் கொழம்பு ஊத்தட்டா?”

“வேணாங்க, வெள்ளிக்கிழமை” என்றேன். “சாம்பார் ஊத்துங்க. நெறைய ஊத்துங்க.”